போர்வெல்லுக்கு நான் காட்டிய கற்பூரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். சாமி விஷயம். எழுதினால் அம்மனைக் குறை சொன்னது போல ஆகுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் என் தப்பை மறைத்தது போல ஆகும். எட்டாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பம்ப் ஆபரேட்டர் வேலைக்கு இப்போது வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

தொண்ணூறுகளின் கடைசி. கன்னட ஊரில், பீன்யா தொழிற்பேட்டையில், மூடிப்போன ஒரு ப்ளேட்டிங் கம்பெனியின் பின்பக்கம். இரும்புச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றிக் கொடுத்த கம்பெனி. கழிவையெல்லாம் பல வருஷமாக மண்ணில் விட்டிருந்தார்கள். அதிலிருந்த குரோமியம் என்கிற விஷம் நிலத்தடித் தண்ணீரில் இறங்கிவிட்டது. வேலியை ஒட்டியே, பிழைக்க வந்த நம் தமிழ் ஜனங்களின் காலனி. கெட்ட தண்ணீரை போர்வெல் போட்டு இழுத்து, மருந்து கலந்து சுத்தம் செய்ய ஒரு ப்ளாண்ட் வந்தது. அதில் நான் ஆபரேட்டர்.

பூஜை போடாமல் எந்த மெஷினையும் நான் தொட்டதில்லை. மோட்டார் ஓட்டுகிற முதல் நாள், போர்வெல் பைப்புக்குக் குங்குமம் வைத்தேன், வேப்பிலை கட்டினேன், தேங்காய் உடைத்தேன். கற்பூரம் காட்டி, “தாயே மாரியம்மா” என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டேன்.

தண்ணீர் வந்தது. மஞ்சளாக வந்தது. அம்மனுக்குக் கரைத்து வைத்த மஞ்சள் நீர் மாதிரியே இருந்தது. அது குரோமியத்தின் நிறம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்த காலனிப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

2. மண்டையோடு போர்டு

வெள்ளிக்கிழமைக்குள் வேலியோரம் பொங்கல் பானை வந்துவிட்டது. டெஸ்டுக்கு வைத்திருந்த சாம்பிள் டேப்பைத் திறந்து சொம்பு சொம்பாகத் தீர்த்தம் பிடித்தார்கள். டேப்புக்குப் பூட்டுப் போட்டோம். பைப் ஜாயிண்டில் ஒழுகியதைப் பிடித்தார்கள்.

எங்கள் இன்ஜினியர் கன்னடக்காரர், நல்ல மனுஷன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன்ரீ ஏழுமலை, இது ப்ளாண்டா, தேவஸ்தானமா?”

மண்டையோடும் ரெண்டு எலும்பும் வரைந்து, ‘விஷம், குடிக்காதீர்’ என்று ரெண்டு பாஷையில் எழுதி போர்டு வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் மண்டையோட்டின் நெற்றியில் பொட்டு, கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் மயானக் கொள்ளை நடத்துகிற அங்காளம்மனுக்கு மண்டையோடு புதுசா என்ன? மாலை போட்ட அம்மாளே என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்: “மாரியாத்தா மட்டும்தான்னு இருந்தோம். இப்ப அங்காளியும் வந்துட்டா பாரு!”

“வேற போர்டு வைக்கலாமா சார்?” என்றேன்.

“பேடாப்பா, வேண்டாம். அதுக்கும் உங்ககிட்ட ஒரு சாமி இருக்கும். நீங்களே போய்ச் சொல்லுங்க. பூஜாரி நீங்கதானே?”

போய்ச் சொன்னேன். “பூஜை போட்டவரே கும்பிடாதேன்றாரு. சம்பளம் குடுக்கறவன் சொல்லிக் குடுத்துட்டான் போல” என்று சிரித்தார்கள்.

3. கன்னியம்மாவின் குடம்

கன்னியம்மா அந்தக் காலனிக்காரி, கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவள். ஒரு நாள் காலையில் லீவு போட்டுவிட்டுக் குடத்தோடு வந்து நின்றாள்.

“அண்ணே, பாப்பாவுக்கு அம்மை எறங்கிருக்கு. நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தணும். ஒரு கொடம் குடு. குடிக்க ஒரு சொம்பு.”

அஞ்சு வயசுப் பிள்ளை. உடம்பெல்லாம் உடைந்த கொப்புளம். புண்ணில் இந்தத் தண்ணீர் பட்டாலே கெடுதல், உள்ளே போனால் இன்னும் மோசம் என்று இன்ஜினியர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“குடுக்க மாட்டேம்மா. இது விஷம்.”

“அம்ம வந்த ஊட்டுக்கு மஞ்சத்தண்ணி இல்லன்னு சொல்றியே, உன் வாய் அழுகிடும்ணே! நகரு, ஜாயிண்ட்ல ஒழுகறத நான் புடிச்சிக்கறேன்.”

நானும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன்தானே. என்ன செய்வது என்று திரும்பினால், தண்ணீரில் கலக்க வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டை கண்ணில் பட்டது. ஆரத்தித் தட்டு ஞாபகம் வந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும். இது தெரியாத பெண் நம்மில் உண்டா?

“கன்னியம்மா, உங்க ஊட்டு மஞ்சளும் ரெண்டு தட்டும் எடுத்துக்கினு வா. இது ஆத்தா மஞ்சளான்னு நீயே பாரு.”

கொண்டு வந்தாள். பின்னாலேயே காலனியும் வந்தது. ஒரு தட்டில், காலனிக்குக் குடிக்க வருகிற லாரித் தண்ணீரில் அவள் வீட்டு மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பு போட்டேன். ரத்தமாகச் சிவந்தது. இன்னொரு தட்டில் போர்வெல் தண்ணீர். சுண்ணாம்பு போட்டேன். மஞ்சளாகவே இருந்தது. இன்னொரு சிட்டிகை போட்டேன். அப்படியேதான் இருந்தது.

“செவக்கலியே...” என்றாள் கன்னியம்மா. குடம் கையிலிருந்து நழுவியது. உடனே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப எதுக்குய்யா இதுக்குக் கற்பூரம் காட்டினே? நேத்தே பிள்ள நாக்குல ரெண்டு சொட்டு உட்டுட்டேனே!”

“மோட்டாருக்குத்தாம்மா காட்டினேன். அத அன்னிக்கே வாய் தொறந்து சொல்லாதது என் தப்பு” என்று அத்தனை பேர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இன்ஜினியர் தன் ஜீப்பிலேயே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ரெண்டு சொட்டுதான் என்பதால் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. லாரித் தண்ணீரில் வேப்பிலை போட்டுத் தலைக்கு ஊற்றினார்கள். அம்மன் புண்ணியத்தில் பிள்ளை தேறிவிட்டது.

4. கடைசியாக

நான் படித்த பாடம் இதுதான். பூஜை போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் வேலிக்கு வெளியே நிற்கிறவர்களிடம் உள்ளே இருப்பது என்னவென்று முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. காலனியில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. அன்றைக்கு எனக்கு அருள் வந்ததாம், தட்டில் அம்மன் கண் திறந்தாளாம். கன்னியம்மாவே அப்படித்தான் சொல்கிறாள். பாலில் கலப்படமா, பையனுக்குப் பார்த்த பெண் நல்லவளா என்று கேட்டு என் வீட்டு வாசலில் சுண்ணாம்போடு வந்து நிற்கிறார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். சுண்ணாம்பு போட்டேன், சிவக்கவில்லை. அதற்கு மேல் ஒரு அற்புதத்தையும் சேர்த்துவிடாதீர்கள்.