டீக்கடைப் பிள்ளையின் கிரீன் டீ

திருமானூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சாந்தி மேரியும் அவள் கணவன் அருள் பிரகாஷும் நடத்தும் டீக்கடையில் யாரையும்விட அதிகமாக டீ குடித்தது அவர்களுடைய மகள் தென்றல்தான். வயது ஆறு. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். இருட்டுவதற்குள் மூன்று டம்ளர், அதுவும் டபுள் சர்க்கரை.

ஒரு நாள் பல்வலியில் துடித்தவளை அரியலூருக்குக் கூட்டிப்போனார்கள். நான்கு பற்கள் சொத்தை. டாக்டர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, "இனிமே சர்க்கரை போட்ட டீ பக்கமே போகக்கூடாது" என்றார்.

மறுநாள் கடை பெஞ்சில் உட்கார்ந்து தென்றல் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் டீ குடுக்குற. எனக்கு மட்டும் இல்லையாம்மா?"

இரண்டு நாள் பிள்ளை முகம் கொடுத்தே பேசவில்லை. மூன்றாம் நாள், சரக்கு போட வந்தவர் சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போன கிரீன் டீ பாக்கெட் ஒன்று அலமாரியில் பிரிக்காமல் கிடப்பது நினைவுக்கு வந்தது. குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று டாக்டருக்கே போன் போட்டாள்.

"ரொம்ப லேசா, எப்பவாச்சும் இருட்டுறதுக்கு முன்னாடி அரை டம்ளர் குடுங்கம்மா. சாப்பாட்டோட வேணாம். சர்க்கரையும் வேணாம்."

பன்னிரண்டு வருடமாக டீ போடும் கை. தண்ணீரில் ஒரு பிடி இலையை அள்ளிப்போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினாள். தென்றல் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடிப்போய்த் துப்பினாள்.

"அம்மா, இது வேப்பிலைத் தண்ணி."

அருள் பிரகாஷும் வாங்கிக் குடித்துப் பார்த்தான். "மேரி, இதுக்குப் பல்வலியே தேவலாம்."

அதற்குப் பிறகுதான் அவள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். இலையைக் கொதிக்க வைக்கக்கூடாது என்று போட்டிருந்தது. மறுநாள் மாலை தண்ணீரை இறக்கிச் சற்று ஆறவிட்டாள். கண்ணாடி டம்ளரில் ஒரு சிட்டிகை இலையும் இரண்டு புதினாவும் போட்டு, பிள்ளையின் கண்ணெதிரே தண்ணீரை ஊற்றினாள். சுருண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

தென்றல் டம்ளரோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். "அம்மா, இலை தூங்கி முழிக்குது பாரு."

வடிகட்டிக் கொடுத்ததை முதலில் மோந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். சாந்தி மேரி அடுப்பைக்கூட மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிப்பே இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்கு."

இலை முழிப்பதைப் பார்க்க, விக்கிரமங்கலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளும் கூடினார்கள். அவர்களில் சக்தி என்ற பையன், "எங்களுக்கும் குடுங்கக்கா" என்றான்.

"வூட்டுல அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க. அவங்க சொல்லாம தரமாட்டேன்."

அடுத்த நாள் மூன்று தாய்மார்களே வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவள் சக்தியின் அம்மா பொன்னாயி. "புள்ளைங்களுக்கு என்னமோ பச்சைத் தண்ணி குடுக்கப்போறியாமே?"

சாந்தி மேரி மூன்று டம்ளர் போட்டு நீட்டினாள். பொன்னாயி கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இன்னொன்னு போடு. அவனுக்குப் பாதி போதும்."

அன்றிலிருந்து சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு முன் பெஞ்ச் ஒதுக்கப்பட்டது. ஆளுக்கு அரை டம்ளர். போன மாதம் ஒரு சனிக்கிழமை இலை தீர்ந்துபோனது. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகிறது என்று சாந்தி மேரி வெறும் புதினா வெந்நீரை ஊற்றிக் கொடுத்தாள். சக்தி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, இதுல டீயே இல்லையே."

மற்ற ஐந்து டம்ளர்களும் வரிசையாகக் கீழே இறங்கின. சாந்தி மேரி சிரித்த சிரிப்பில் வடிகட்டி கைநழுவி விழுந்தது. அருள் பிரகாஷ் இலை வாங்கிவர வண்டியைக் கிளப்பினான்.