சவக்காரம் போட்ட கரி அடுப்பு

துருவோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே எரிச்சல் வரும். கம்பளையில் பழைய இரும்புக் கடையொன்றில் கிடந்த, இறைச்சி சுடும் கரி அடுப்பை வாங்கி ஹந்தானையிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் வார்ப்பிரும்புத் தட்டைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, எண்ணெய் பூசிச் சூடாக்கி, ஆறியதும் மறுபடி பூசி, கையெல்லாம் கொப்பளித்துப் போனது. இங்குள்ள பனிக்கு, எண்ணெய்ப் பூச்சு போனால் உடனே துரு வந்துவிடும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ஃபரீதா அக்கா அதை இரவல் கேட்டார்.

"கழுவ மட்டும் வேணாம்க்கா, துணியால துடைச்சுக் குடுங்க போதும்" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தேன்.

பெருநாள் முடிந்து அடுப்பு வந்தது. நன்றாகக் கழுவி, ஈரத்தோடு பொலித்தீன் பையில் சுற்றியிருந்தார். பிரித்தால் தட்டு முழுக்கத் துரு!

"என்னக்கா, அவ்வளவு சொன்னேனே! இப்படிக் கழுவி வெச்சிருக்கீங்களே!" என்று வேலிக்கு மேலால் கத்தியே விட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க அதுல மாட்டிறைச்சி சுட்டம் தம்பி. நீங்க அது சாப்பிடுறல்லதானே. அந்த வாடகூட இரிக்கப்படாதுண்டுதான் சவக்காரம் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவினேன்."

நான் தட்டைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி யோசித்திருக்கிறார்.

அடுத்த பெருநாளுக்கு அடுப்போடு ஒரு போத்தல் எண்ணெயும் கொடுத்து, கழுவியதும் நெருப்பில் காயவைத்துப் பூசச் சொன்னேன். அடுப்பு துருவில்லாமல் திரும்பி வந்தது. கூடவே எண்ணெய் தீர்ந்த போத்தலும் வந்தது, சவக்காரம் போட்டுக் கழுவி.