பசை தடவிய தட்டான்

மைதா மாவைக் காய்ச்சிய பசையின் வாடை மூக்கில் ஏறினால் போதும், ஒன்பதாம் வகுப்பில் நானும் என் தோழி கலைச்செல்வியும் செய்த "தட்டான்" கண்முன் வந்து நிற்கும். தட்டான் என்று நாங்கள் பேர் வைத்தது இறக்கை அடித்துப் பறக்கிற ஒரு சின்ன விமானத்துக்கு: மூங்கில் சிம்பில் உடம்பு, சைக்கிள் கம்பியை வளைத்த கொக்கி, முறுக்கிவிட ரப்பர் பேண்டு, பட்டம் செய்கிற மெல்லிய தாளில் இரண்டு இறக்கை.

நெரவியிலிருந்து காரைக்காலுக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த நாங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அதைச் செய்தோம். தேர்வானால் புதுச்சேரிக்கு அழைத்துப்போவார்கள். கலைச்செல்வி புதுச்சேரியைப் பார்த்ததே இல்லை. அத்தை வீட்டில் தோள்பை இரவல் வாங்கி, துணிகூட மடித்து வைத்துவிட்டாள்.

இறக்கை அவள் பொறுப்பு. முன்விளிம்புக்கு மட்டும் குச்சி கொடுத்து, பின்பக்கத் தாளைத் "தொளதொள"வென்று விட்டிருந்தாள். அவள் வீட்டு வாசலில் முறுக்கிவிட்டபோது அது வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஆனால் நோட்டு அட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தாலே கிழித்துவிட்டு மறுபடி போடுகிற ஆள் நான். பறந்தது எனக்குப் போதவில்லை. தன் தம்பிகள் கைவைத்துவிடுவார்கள் என்று கண்காட்சிக்கு முந்தின நாள் அதை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பசையில் தண்ணீர் கலந்து, இறக்கை முழுக்கத் தடவி, மின்விசிறிக் காற்றில் காயவைத்தேன். அப்பளம்போல விறைத்துக்கொண்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் அதைக் கையில் எடுப்பதற்குள் நடுவர்கள் வந்து நின்றுவிட்டார்கள். முறுக்கிவிட்டாள், படபடவென்று அடித்துக்கொண்டு காலடியிலேயே விழுந்தது. இறக்கை கீழே இறங்கும்போது பின்பக்கத் தாள் வளைந்துகொடுத்துக் காற்றைப் பின்னால் தள்ள வேண்டும், அந்தத் தள்ளலில்தான் விமானம் முன்னே போகும், விறைத்த இறக்கை மேலும் கீழும் விசிறுவதோடு சரி என்பதெல்லாம் பிற்பாடு பொறியியல் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

"இறக்கைய யாரு செஞ்சது?" என்று கேட்டார் எங்கள் அறிவியல் டீச்சர்.

"நான்தான் டீச்சர்," என்றாள் கலைச்செல்வி.

நான் குனிந்து, கீழே கிடந்த தட்டானை எடுத்து மேஜைமேல் வைத்தேன். புதுச்சேரிக்கு வேறு இரண்டு பேர் போனார்கள். தோள்பை அத்தை வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

தட்டானின் மூங்கில் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது. எங்கள் பள்ளிச் சீருடையின் நிறம்கூட இப்போது வேறு. போன மாதம் போனில் ஒரு வீடியோ வந்தது. உள்ளங்கை அளவுள்ள இயந்திரப் பறவை ஒன்று அறைக்குள் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதன் இறக்கையின் பின்விளிம்பு, கலைச்செல்வி விட்டிருந்ததுபோலவே, தொளதொளவென்று இருந்தது. பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. கல்யாணமாகிக் காரைக்கால் பக்கம் பூவத்தில் இருக்கும் அவளைக் கூப்பிட்டு, அன்றைக்குப் பசை தடவியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வயசில் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"தெரியும்டி. கையில எடுத்தப்பவே மைதா வாசன அடிச்சுது," என்று சிரித்தாள்.

பிறகு, "நீயா எந்திரிச்சு டீச்சர்கிட்ட சொல்லுவேன்னு, மத்தியானம் மணி அடிக்கிற வரைக்கும் உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.