கொழிஞ்சாம்பாறையில் நான் தட்டிப் பார்த்த சுவர்

எழுபதுகளின் நடுவில், தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒரு சுவரைப் பார்ப்பதற்காக மட்டும் கோயம்புத்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். கோயில், அருவி, அணை எதையும் பார்க்கவில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் சந்தில் வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவே இரண்டரை சென்ட் பொது இடம், அதில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் முப்பது குழந்தைகள் இருக்கும் பால்வாடி. அதற்கு முந்தைய கோடையில் வெக்கை தாங்காமல் இரண்டு குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள். என் நான்கு வயது மகளும் அங்கேதான் இருந்தாள். சித்திரை பிறப்பதற்குள் கொட்டகையைப் பிரித்து ஒரு சமுதாயக் கூடம் கட்டிவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது. கையில் இருந்த பணமோ ஜன்னல் மட்டத்துக்கு மேலே போகாது.

கேரளத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் வழி சொன்னார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவில் மூன்று அங்குலம் இடைவெளி விட்டுக் கட்டினால், நூறு கல் வேண்டிய இடத்தில் எழுபத்தைந்து போதுமாம். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். பெயரைக் கேட்டதுமே என் சந்தேகம் இரட்டிப்பானது. முப்பது குழந்தைகளை எலிப்பொறிக்குள்ளா உட்கார வைப்பது?

அப்படி அவர் கொழிஞ்சாம்பாறையில் கட்டிய கூடம் ஒன்றைப் போய்ப் பார்த்து வர என்னை அனுப்பினார்கள். நான் ஒரு வார்ப்பட ஆலையில் சோதனையாளன். பம்பு உடலைச் சுத்தியால் தட்டி, சத்தம் பொள்ளலாக வந்தால் 'உள்ளே காற்று, கழிவு' என்று ஒதுக்குவதுதான் என் பிழைப்பு. தவிர, காய்கறிக்காரர் தராசையே தூக்கிப் பார்க்கிற ஆள் என்று தெருவில் பெயர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்பது ஏற்பாடு.

காலை ஆறரைக்குப் பஸ். பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஒரு ரூபாய் எழுபது பைசா. அங்கிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு இன்னொரு பஸ். எல்லைச் சோதனைச் சாவடியில் காவலர் ஏறி என் பையை அமுக்கிப் பார்த்தார்.

"பையில எந்தா? அரியா?"

அரிசி கடத்துகிறேனோ என்று அவருக்கு. திறந்து காட்டினேன். சுத்தியலும் தூக்குக்குண்டும் இருந்தன. அரிசியாக இருந்திருந்தால்கூட அவ்வளவு முறைத்திருக்க மாட்டார்.

பத்தரைக்கு இறங்கினேன். சந்தைக்குப் பின்னால், கடைகளுக்கு நடுவே நெருக்கிப்பிடித்துக்கொண்டு நின்றது பெண்கள் சங்கத்துக் கூடம். பூச்சில்லாத செங்கல். அதைக் கட்டிய ஆறுச்சாமி மேஸ்திரி பக்கத்திலேயே வேறொரு வேலையில் இருந்தார். "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போதே உறுத்தியது.

தூக்குக்குண்டு போட்டேன். சுவர் நேர். பிறகு மேற்குச் சுவரை உள்பக்கமாகத் தட்டிக்கொண்டே போனேன். தெற்குப் பாதி கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. நடுவைத் தாண்டியதும் பொள்ளல். மறுபடி தட்டினேன், அதே. இடைவெளி விட்டுக் கட்டிய சுவர் என்று தெரிந்தும், பொள்ளல் கேட்டால் கழிவு என்றுதான் என் காதுக்குப் பழக்கம். பாதிச் சுவரை ஒழுங்காகக் கட்டிவிட்டு, மீதியில் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நோட்டில் 'வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது, மறைப்பானேன்.

மூன்று மணி பஸ் வரவில்லை. அடுத்தது ஐந்தே முக்காலுக்கு. நிழலுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் கூடத்துக்கே திரும்பினேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். தெற்குப் பாதி காலியாகக் கிடக்க, எல்லோரும் வடக்குப் பாதியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தெற்கே, கெட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, அங்க உக்காராதீங்க, முதுகு வெந்துபோயிரும்" என்றார் ஒரு அம்மாள். "இந்தப் பக்கம் வாங்க."

ஐந்து மணி வெயில் மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. சாய்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். இட்லிக் குண்டா மாதிரிச் சுட்டது. நாலடி வடக்கே, பொள்ளல் பக்கம் வைத்தேன். சூடு இல்லை. ஒரே சுவர், ஒரே வெயில். சுண்ணாம்புச் சாந்தில் ஏதாவது வித்தையா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன்.

ஆறுச்சாமியைத் தேடிப் போய்க் கையோடு கூட்டி வந்தேன். "உண்மையைச் சொல்லுங்க மேஸ்திரி, இதுல எந்தப் பாதி ஏமாத்து?"

தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்டியா இருக்குதுங்களே, அதுதானுங்க. நானே பண்ணுனது."

"என்ன பண்ணுனீங்க?"

"இஞ்சினீரு மூணு நாளு வரலீங்க. காத்தை உள்ள வெச்சுக் கட்டிப்போட்டுக் கூலி வாங்குறதுக்கு எனக்கு மனசு கேக்கலீங்க. நாளைக்குச் செவுரு சாஞ்சா ஆறுச்சாமி கட்டுனதுன்னுதானுங்க பேரு. செம்மண்ணைக் கொழச்சு எடவெளி பூராவும் ரொப்பிப்போட்டனுங்க."

"அப்புறம்?"

"நாலாவது நாளு வந்து பாத்துட்டாரு. திட்டலீங்க. ரொப்புனது கெடக்கட்டும், மிச்சத்தை ரொப்பாதேன்னாரு. மூணு மழைக்காலம் பாத்தாச்சுங்க, ரெண்டு பக்கமும் ஒரு விரிசல் கெடையாது. நான் ரொப்புன பக்கந்தான் வெயில்ல சுடுது, மழையில ஓதம் ஏறுது. பாக்க வர்றவங்க கேட்டா வெக்கமா இருக்குதுங்க, அதுதான் காலையில நின்னு பேசலை."

எனக்கு அதைவிட வெட்கமாக இருந்தது. கொத்துக்கரண்டி கையில் இருந்திருந்தால் நானும் அதே மண்ணைத்தான் கொட்டியிருப்பேன். பம்புக்குள் காற்று இருந்தால் கழிவு. அதற்காகச் சுவரையும் பம்பாக நினைத்தது என் புத்தி; சுவருக்குள் அடைபட்ட காற்றுதான் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கிறது. அவசரமாக எழுதிய 'வேண்டாம்' ஞாயிற்றுக்கிழமை முப்பது குழந்தைகளைத் தகரத்துக்கு அடியிலேயே விட்டிருக்கும். நோட்டை எடுத்து அதை அடித்துவிட்டேன். கூட்டத்தில் வேண்டும் என்று சொன்னேன்.

இப்படிப்பட்ட கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: காலையில் போகாதீர்கள், காலையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்குச் சுவரில் உள்பக்கமாகக் கை வையுங்கள். அங்கே தினமும் உட்காருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். கட்டியவரிடம் கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள். நீங்களே கட்டுவதானால் கொத்தனாரை விட்டு நகராதீர்கள். எங்கள் கொத்தனாரும் இரண்டு முறை மண் சட்டியோடு பிடிபட்டார். நல்ல மனுஷர், அதுதான் காரணம்.

சித்திரை நடுவில் ஒரு நாள், ஆலையிலிருந்து திரும்பும் வழியில் மகளைக் கூப்பிட்டு வரப் போனேன். புதுக் கூடத்தின் மேற்குச் சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் தூக்கித் தோளில் போட்டேன். வியர்வையே இல்லை. வீடு வரைக்கும் அவள் கன்னத்தில் செங்கல் வரி பதிந்திருந்தது.