அன்லிமிடெட் என்றால் எவ்வளவு?

ராமாமணியின் கம்பெனி சீட்டாட்டக் கிளப்பாக மாறிவிட்ட சேதியை முதலில் சொன்னவர் கிணத்துக்கடவு பாலுசாமி. தென்னந்தோப்புக்காரர். மூன்று வருடத்துக்கு முன் இவர்களிடம் தேங்காய் உரிக்கும் மெஷின் வாங்கியவர். மச்சானுக்கும் ஒன்று வாங்கலாம் என்று, விசிட்டிங் கார்டில் இருந்த வெப்சைட் முகவரியை மச்சானின் செல்போனில் அடித்திருக்கிறார். மெஷினுக்குப் பதிலாக ஆன்லைன் ரம்மி வந்து, முதல் ஆட்டம் இலவசம் என்று கூப்பிட்டிருக்கிறது.

“ஏனுங்க அம்மணி, தொழில மாத்திப்போட்டீங்களாட்டம் இருக்குது?” என்று மிக மரியாதையாகக் கேட்டார். “தப்பா நெனைக்காதீங்க. மச்சான் ஆட ஒக்காந்துட்டான். அதுதான் கேட்டேன்.”

ராமாமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. கோயம்புத்தூர் கணபதியில் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. கணவர் வேங்கடசாமி லேத்தும் வெல்டிங்கும் பார்ப்பார். மெஷினை விற்பது, ஆட்களோடு பேசுவது, தேவைப்பட்டால் சண்டை போடுவது எல்லாம் ராமாமணி. இருபத்திரண்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவரிடம் ஒரு வியாதி மட்டும் உண்டு. புரியாத வார்த்தையைத் தாண்டிப் போகமாட்டார். ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பாலிசியோடு வந்தபோது, அதில் எழுதியிருந்த ‘இதர காரணங்கள்’ என்னென்ன என்று கேட்டார். அந்த மனிதர் மதியம் வரைக்கும் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் மோர் குடித்து, எழுந்து போனவர்தான். அந்த வீதிப் பக்கமே வருவதில்லை.

வெப்சைட் விஷயத்தில் மட்டும் ராமாமணி எதையும் கேட்காமல் விட்டதற்குக் காரணம், அது ஓசியில் வந்தது. நாத்தனார் மகன் ரவிதேஜா காலேஜில் படிக்கும்போது செய்து கொடுத்தது. ஓசியில் வந்ததை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ராமாமணியும் மனுஷிதானே.

பெங்களூரில் வேலையில் இருக்கும் ரவிதேஜாவுக்குப் போன் போட்டார். டொமைன் எக்ஸ்பயர் ஆகியிருக்கும் அத்தை என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். டொமைன் என்பது வெப்சைட்டின் பெயர். அதை யாரும் ஒரேயடியாக வாங்க முடியாது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவன் அதைத் தன் பெயரில், தன் காலேஜ் மெயிலில் பதிந்து வைத்திருந்தான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவன் எப்போதோ மறந்துபோன அந்த மெயிலில் வரிசையாகப் போய் விழுந்திருக்கின்றன. கெடு முடிந்ததும் ரம்மிக்காரன் எடுத்துக்கொண்டான். அதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை.

“எங்க கம்பெனி பேரு இத்தன நாளா உன் பேர்லயா இருந்துச்சு?”

“ஆமா அத்த. அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி.”

இந்த ஃபார்மாலிட்டி பற்றி ராமாமணி சிறிது நேரம் பேசினார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. கடைசியில் ரவிதேஜா, வேறு டொமைன் வாங்கிக்கொள்ளுங்கள், அப்படியே நல்ல ஹோஸ்டிங்கும் எடுத்துவிடுங்கள் என்றான். ஹோஸ்டிங் என்றால் என்ன என்று கேட்டார். வெப்சைட்டைக் கொண்டுபோய் வைக்கும் இடம், எல்லாம் கிளவுடில் இருக்கும் என்றான். அந்த மேகம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். அவன் யோசித்து, மும்பையாக இருக்கலாம், ஒரு பெரிய ஹாலில் நிறைய கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள் என்றான்.

“அப்ப மும்பைல ஒரு ஹாலுன்னு சொல்லு கண்ணு. எதுக்கு மேகத்துக்கெல்லாம் போற?”

அன்றே பேங்கில் கொடுத்த டைரி ஒன்றை எடுத்துப் பக்கத்துக்கு ஒரு வார்த்தையாக எழுத ஆரம்பித்தார். சர்வர் என்ற பக்கத்தில், ‘ராப்பகலா ஆஃப் பண்ணாத கம்ப்யூட்டர்’ என்று இருக்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் ஒரே சர்வரில் நூறு பேர் வெப்சைட் இருக்கும் என்று படித்ததும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மில் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடு அது. பத்து வீட்டுக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒரு வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் மற்ற ஒன்பது வீட்டிலும் குழாய் காற்று விடும். ஒரே சர்வருக்குள் தனியாகத் தடுத்துக் கொடுக்கும் விபிஎஸ் என்பது தனி மீட்டர் வைத்த போர்ஷன். டெடிகேட்டட் சர்வர் தனி பங்களா. தேங்காய் உரிக்கும் மெஷினுக்குப் பங்களா எதற்கு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

வேங்கடசாமிக்கு இந்தப் படிப்பெல்லாம் பொறுக்கவில்லை. அவர் ஒரு கம்பெனியை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார். அதன் விளம்பரத்தில் ராக்கெட் படம் இருந்தது. காரணம் கேட்டால், ராக்கெட் வேகமாகப் போகும் என்றார்.

ராமாமணி அந்த ராக்கெட் கம்பெனிக்கே முதலில் போன் செய்தார். எடுத்த பையன் மனப்பாடமாக ஒப்பித்தான். அன்லிமிடெட் ஸ்டோரேஜ், அன்லிமிடெட் பேண்ட்விட்த், தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் அப்டைம். அன்லிமிடெட் என்றால் எவ்வளவு என்று ராமாமணி கேட்டார். அளவே இல்லை மேடம் என்றான். அப்படியானால் கீழே பொடி எழுத்தில் ‘நியாயமான உபயோகத்துக்கு உட்பட்டது’ என்று எதற்குப் போட்டிருக்கிறீர்கள் என்றார். அவன் அந்தப் பொடி எழுத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தான் போலிருக்கிறது.

“அன்லிமிடெட் சாப்பாடுன்னு போர்டு வெச்சிருக்கற மெஸ்ஸுலயும் மூணாவது தடவ சோறு கேட்டா ரசவாளியோட வந்து நிப்பாங்க தம்பி. உங்குளுது எத்தனாவது தடவைல ரசம் வரும்? அத மட்டும் சொல்லிப்போடுங்க.”

அடுத்தது அப்டைம். வெப்சைட் படுக்காமல் ஓடுகிற நேரம் அது. மிச்சமுள்ள புள்ளி ஒரு சதவீதம் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் ஆகிறதே, அது ஒரேயடியாக வருமா தவணையாக வருமா என்று கேட்டார். ஒரு நிமிடம் மேடம் என்று சொல்லிவிட்டுப் பையன் போனான். பாட்டு ஓடியது. ராமாமணி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பார்சலுக்குச் சணல் கட்ட ஆரம்பித்தார். இரண்டு பார்சல் முடிந்தும் பையன் திரும்பவில்லை. வேங்கடசாமி எழுந்து லேத்துக்குப் போய்விட்டார்.

இதற்குப் பிறகுதான் ராமாமணிக்கு அந்த யோசனை வந்தது. பேரிங் வாங்கும்போது அவர் விலை கேட்பதற்கு முன்னால், உங்கள் பேரிங் உடைந்துபோயிற்று என்று சொல்லிப் பார்ப்பார். விற்கும்போது எல்லோரும் நல்லவர்கள். உடைந்த பின் எவன் போன் எடுக்கிறானோ அவனிடம்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு சனிக்கிழமை, சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்து, வெப்சைட் படுத்துவிட்டது என்று சொல்ல மூன்று ஹோஸ்டிங் கம்பெனிகளின் சப்போர்ட் நம்பருக்கு வரிசையாகக் கூப்பிட்டார்.

முதல் கம்பெனியில் போனை எடுக்க ஆள் இல்லை, அவர்கள் வெப்சைட் சாட்டில் பதில் எழுத ஒரு ரோபோ இருந்தது. அது அவருடைய துயரத்துக்கு வருந்துவதாகச் சொல்லி, அவர் இன்னும் திறக்கவே திறக்காத கணக்கை மூடுவதற்கு உதவியது. இரண்டாவது கம்பெனியில் நாற்பது நிமிடம் கழித்து ஒருவர் வந்தார். கோளாறு உங்கள் பக்கம்தான் என்றார். எந்த வெப்சைட் என்று அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவது கம்பெனி கோயம்புத்தூரிலேயே ஆறேழு பேர் வைத்து நடத்துகிற சின்ன இடம். மூன்றாவது ரிங்கில் கீதா என்ற பெண் எடுத்தார். வாயில் சோறு இருந்தது தெரிந்தது. ராமாமணிக்கு அது பிடித்திருந்தது. டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பேசுகிற ஆள். ராமாமணி உள்ளதைச் சொன்னார்: நான் இன்னும் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, சோதித்துப் பார்க்கத்தான் கூப்பிட்டேன்.

கீதா சிரித்துவிட்டு, வெப்சைட்டில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டார். எட்டு மெஷின் படம், ஒரு போன் நம்பர், பட்டறைக்கு வழி.

“அப்ப எங்க சின்ன பிளானே உங்களுக்குப் பெருசுங்க. பெருசு வாங்காதீங்க. இன்னொண்ணுங்க, டொமைன எங்ககிட்ட வாங்க வேண்டாம். வேற எடத்துல, உங்க பேர்ல, உங்க மெயில்ல வாங்கி வெச்சுக்குங்க. நாளைக்கு எங்ககூடச் சண்ட போட்டுட்டுப் போனீங்கன்னா பேரு உங்ககூட வரோணுமில்லீங்க.”

கல்யாணத்துக்கு முன்பே சண்டையை யோசித்து வைக்கிற சம்பந்தி யாருக்குக் கிடைப்பார்? ராமாமணி டைரியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பேண்ட்விட்த் என்றால், பார்க்க வருகிறவர்களுக்கு மாதத்தில் நாம் அனுப்புகிற டேட்டாவின் மொத்த அளவு; உங்கள் எட்டுப் படத்துக்கு அது ஒரு மூலையைக்கூட நிரப்பாது என்றார் கீதா. எஸ்எஸ்எல் என்பது முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டு. அது இல்லாவிட்டால் வருகிறவர் எழுதுவது போஸ்ட் கார்டு மாதிரி வழியெல்லாம் படிக்கக் கிடக்கும், இருந்தால் உறையில் போட்டு ஒட்டினது. பேக்கப் தினமும் எடுக்கிறோம் என்றதும் ராமாமணி, எடுப்பது சரி, திருப்பிக் கொடுத்துக் காட்டுங்கள் என்றார். கீதா சோதனைக்கு வைத்திருந்த வெப்சைட் ஒன்றை அழித்து, பேக்கப்பிலிருந்து மீட்டு, லிங்க் அனுப்பினார். கடைசியாக, உங்கள் சர்வர் இருக்கும் ஹாலில் கரண்டு போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டார் ராமாமணி.

“தெரியலீங்க. கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க.”

திங்கட்கிழமை சொல்லவும் செய்தார். முடிவானது அந்த ‘தெரியலீங்க’வில்தான் என்று ராமாமணி இன்றும் சொல்வார். அதுவரைக்கும் அவர் பேசிய யாரும் தெரியாது என்று சொல்லவில்லை. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவும் இல்லை.

புது டொமைன் ராமாமணி பெயரில் பதிவாகி, கீதாவின் கம்பெனியில் சின்ன பிளானில் வெப்சைட்டும் ஏறியது. விசிட்டிங் கார்டு மறுபடி அடித்தாயிற்று. மகனை நம்பவில்லை என்று நாத்தனாருக்குக் கோபம். ஒரு கிரகப்பிரவேசத்தில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். ராமாமணி பின்னாலேயே போய், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வருகிற நேரத்தில் டொமைன் என்றால் என்னவென்று விளக்கினார். நாத்தனார் முழுதும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் தப்பு என் பையனுடையதுதானா என்றார். நாத்தனாருக்கு இன்னொரு டம்ளர் பாயசம் கொடுக்கச் சொன்னார் ராமாமணி. அதன்பின் பேச்சு வார்த்தை சகஜமாகிவிட்டது.

இரண்டு மாதம் நன்றாக ஓடிய வெப்சைட் ஒரு வியாழக்கிழமை மதியம் வெள்ளைத் தாளாக நின்றது. ராமாமணி கீதாவைக் கூப்பிடப் போனை எடுத்தபோது வேங்கடசாமி வந்து தலையைத் தொங்கப்போட்டுக் கதவருகே நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படி நின்று ராமாமணி பார்த்ததில்லை.

மெஷின் படம் ஒன்றில் ஓரமாக அவருடைய தொப்பை தெரிந்ததாம். யாருக்கும் தெரியாமல் அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று டைரியில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போயிருக்கிறார். படத்துக்குப் பதிலாகப் படம் இருந்த ஃபோல்டரை அழித்தார். தப்பைச் சரிசெய்கிறேன் என்று அதற்கு மேலே இருந்த ஃபோல்டரையும் அழித்தார். அந்த ஃபோல்டரில்தான் மொத்த வெப்சைட்டும் இருந்தது.

ராமாமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் லேத்தில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் கண்டுபிடிக்கிற மனிதர், ஒரு தொப்பைக்காக இவ்வளவு தூரம் போயிருக்கிறாரே என்று நினைத்ததும் வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுத்தான் கீதாவைக் கூப்பிட்டார். இருபது நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. தொப்பையும் வந்தது. அதை எடுக்கட்டுமா என்று கீதா கேட்டார். இருந்துட்டுப் போகட்டும், சாப்பிடுகிற ஆள் செய்த மெஷின் என்று தெரியட்டும் என்றார் ராமாமணி. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினார்.

இப்போது வாரத்துக்கு மூன்று நான்கு விசாரிப்பு வெப்சைட் வழியாக வருகிறது. மகாராஷ்டிராவில் ரத்னகிரிப் பக்கமிருந்து ஒருவர் இரண்டு மெஷின் வாங்கினார். வீதியில் மற்ற பட்டறைக்காரர்களும் ஹோஸ்டிங் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ராமாமணி முதலில் கேட்பது, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது. பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பி வருகிறார்கள்.

போன வாரம் ஒருவன் போன் செய்து, எஸ்இஓ செய்து உங்கள் கம்பெனியைக் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன், கேரண்டி என்றான். ராமாமணி டைரியில் புதுப் பக்கம் திருப்பி அந்த மூன்று எழுத்தையும் எழுதிக்கொண்டார்.

“மொதல் பக்கத்துல பத்துப் பேருக்குத்தான் எடம் இருக்குதுங்க. கணபதில மட்டும் இதுவரைக்கும் எத்தன பேருக்குக் கேரண்டி குடுத்திருக்கீங்க?”

அந்தப் பக்கம் லைன் கட் ஆனது. பொள்ளாச்சி லோடு வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. ராமாமணி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, மெஷினைச் சாய்க்காமல் ஏற்றச் சொல்லிக்கொண்டே வெளியே போனார்.