அடுப்படியில் பிடித்த சத்தம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கச்சி பெற்றவை. ஐந்துக்கும் சோறு போட்டது வெள்ளவத்தையில் நான் தைத்த சட்டைகள்தான். மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை வீசுவதில்லை. ஒன்றோடொன்று வைத்துத் தைத்துப் படம் செய்வேன். கடல், ரயில், மீன்காரன், எதிர் ஃபிளாட்டில் உடுப்புக் காயப்போடும் பெண். இப்போது அவற்றைச் சுவரில் மாட்டுகிறார்கள், ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நன்றாகத்தான் இருக்கின்றன.

போன வருடம் ஒரு தமிழ்ப் பெண் என்னைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தாள். கூடச் சத்தம் பிடிக்க ஒரு சிங்களவர், தாடியும் வயிறுமாக. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சிங்களத்தில் தம்பிக்குச் சொல்வதுபோல நான் மல்லி என்று கூப்பிட்டேன். என் சேலைத் தலைப்புக்குள் சின்ன மைக் ஒன்றைக் குத்தினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார், ஃபானை நிறுத்தினார். பிறகு ஒரு நிமிடம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, வெறும் அறையின் சத்தத்தைப் பிடிக்க வேண்டும் என்றார். வெறும் அறைக்கு என்ன சத்தம்? நானும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்தோம், போச்சு. மூன்று முறை பிடித்தார். மூன்று முறையும் எங்கள் சிரிப்புத்தான் அகப்பட்டது. நாலாம் முறை ஒருவழியாக அடக்கினோம், கடற்கரை ரயில் வந்துவிட்டது.

ஆனால் கமெராவைக் கண்டால் எனக்கு வானொலிச் செய்தித் தமிழ்தான் வருகிறது. துணிப்படங்களில் ஏன் இவ்வளவு நீலம் என்று அந்தப் பெண் கேட்டாள். நீலம் மன அமைதியைக் குறிக்கின்றது என்றேன். எங்கிருந்து வந்ததோ.

இரண்டு மாதம் கழித்துக் கணினியில் போட்டுக் காட்டினார்கள். முழுக்க என் கைகள். சுருக்கங்கள் மிக அருகில், மெதுவாக, நிறம் வடிந்துபோய். கடலும் சாம்பல். பின்னால் ஒரு வயலின் அழுதது. இத்தனைக்கும் அன்று நல்ல வெயில்.

“ஆர் செத்தது, பிள்ளை?” என்று அவளைக் கேட்டேன்.

“நீங்கள் கதைச்ச ஒண்டையும் போடேலாமக் கிடக்கு அம்மா. செய்தி வாசிச்ச மாதிரி. அதுதான் வயலினைப் போட்டனான்.”

எங்கள் ஃபிளாட் முழுவதும் பார்க்கப் போகிற படம். அதில் நான் பாவப்பட்ட கிழவியாக இருக்க முடியாது. இதைக் காட்ட விடமாட்டேன் என்றேன்.

அப்போதுதான் மல்லி வாய் திறந்தார். முதல் நாள் மைக்கோடேயே நான் அடுப்படிக்குப் போயிருக்கிறேன். அவர் நிறுத்தாமல் பிடித்திருக்கிறார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் இந்தப் படத்துக்குப் பாட்டு அதுதான் என்றார். போட்டார்.

என் குரல் பேத்தியிடம் சொல்கிறது: “மன அமைதியாம். நீலத்துணி மிச்சமாய்க் கிடந்தது, கடலை வைச்சன். பச்சை கிடந்திருந்தா வயல் வந்திருக்கும்.” அதோடு நின்றிருக்கலாம். “இந்தா, அவள் கையெழுத்து வைக்கச் சொல்லித் தந்த கடதாசி. என்ன எழுதிக் கிடக்கு, வாசி. நான் எழுத்துக் கூட்டி முடிக்க விடிஞ்சுபோம். அவளுக்குச் சொல்லிப்போடாதை.”

“நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையெண்டு எழுதிக் கிடக்கு அம்மம்மா.”

பிறகு இருவரும் சிரிக்கிற சிரிப்பு. குக்கரும் கூடச் சேர்ந்து விசிலடிக்கிறது.

நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். யாராவது கடதாசி நீட்டினால், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன். நாற்பது வருடமாக இதே கதை. ஊசியில் நூல் கோர்க்க எனக்குக் கண்ணாடி வேண்டியதில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் நல்லவள். வாசிக்கச் சொன்ன இடத்தை வெட்டிவிடலாம் என்றாள். வெட்டியும் வெட்டாமலும் போட்டுக் காட்டச் சொன்னேன். வெட்டினால் சிரிப்பு காரணமில்லாமல் வந்து விழுந்தது, யாரோ இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல. வெட்டாமல் போட்டபோது என் துணிக்கடலின் மேல் அந்தக் குரல் ஓடியது. மல்லி பிடித்துவைத்த என் கத்தரிக்கோல் சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப்படம் வந்தது. கடல், கிர்ச், ரயில், கிர்ச், மீன்காரன். துணி மீன் துள்ளியது என்று சத்தியம் செய்வேன். வாழ்நாளெல்லாம் சட்டை தைத்தவளுக்கு, எந்த இடத்தில் வெட்டினால் தோள் இழுக்கும் என்று தெரியாதா?

“கிடக்கட்டும்” என்றேன்.

படம் காட்டிய மண்டபத்தில் அந்த இடம் வரும்போது பேத்தியின் கையை நசுக்கிவிட்டேன். சிரித்தார்கள். உட்கார்ந்திருந்த கதிரைகள் ஆட ஆடச் சிரித்தார்கள். எங்கள் மேல்மாடியில் இருக்கும் பள்ளிக்கூட ரீச்சர், வருடக்கணக்காக எனக்குக் கோயில் நோட்டீஸ் தந்துகொண்டிருப்பவர், முன்வரிசையிலிருந்து திரும்பினார்.

“அக்கா, அப்ப அந்தக் கண்ணாடி?”

“என்னட்டக் கண்ணாடியே இல்லை ரீச்சர்.”

அவர் சிரித்து இருமினார். எனக்குச் சந்தோசத்தில் தலை சுற்றியது. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினோம்.

இவ்வளவையும் நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஃபோனில் எழுதினாள். எங்கே குஞ்சு, முதலில இருந்து வாசி பாப்பம். உரத்து வாசி, ரீச்சர் வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கு.