உதறாம வித்த புக்கு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட பழைய புக்கு விக்கிற கண்ணாயிரத்துக்கு கரியாலூர்ல ஒரு பொம்பள இருக்குதுன்னு ஊரே பேசிக்கினு கெடந்துது. ஞாயித்துக்கெழமன்னா கடைய சாத்திட்டு மலை பஸ்ஸுல ஏறிடுறாராம். பொண்ணு செத்து ரெண்டு மாசம் ஆவல, இந்த வயசுல இன்னா கேக்குதுன்னு டீக்கடையில வடைக்கி தொட்டுக்க தெனம் இந்த கதைதான். பஸ்ஸுல ஏறுனது நெசம். பொம்பளையத் தேடுனதும் நெசம். மத்ததெல்லாம் டீக்கடை சரக்கு. நடந்தத கேளுங்க.

எந்த பழைய புக்கு வந்தாலும் கண்ணாயிரம் முதுகப் புடிச்சி தலகீழா ஒரு ஒதறு ஒதறுவாரு. மயிலெறகு வுழும், துன்னூறு பொட்லம் வுழும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வுழும். அல்லாத்தையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சி, தேடிக்கினு வர்றவங்களுக்கு எடுத்துக் குடுப்பாரு. ஒரு தபா காதல் கடுதாசி வுழுந்துது. எழுதுனவனுக்கு அதுக்குள்ள கல்யாணமாயி ரெண்டு புள்ள. அவனே ஓடியாந்து வாங்கிக் கிழிச்சிப் போட்டான்.

அவரு பொண்ணு தமிழ்மொழி பன்னெண்டாவது படிச்சிக்கினு இருந்துது. மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ஆறே நாளு. பதினாறாம் நாளு காரியத்தன்னிக்கி, செத்த புள்ளயோட சாமான் வூட்ல இருக்கக் கூடாதுன்னு மச்சான் கந்தசாமி துணிமணிய யாருக்கோ குடுத்துட்டு, புக்கெல்லாம் மூட்டையா கட்டி கடையில போட்டுட்டாரு. இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லல. மறுநாளு கடை தெறந்த மனுசனுக்கு ஏற்கனவே பொடி எழுத்து மங்கலு, அழுதழுது இன்னும் ஜாஸ்தி. கரியாலூர் பஸ்ஸு எத்தினி மணிக்கின்னு கேட்டுக்கினே ஒரு பொம்பள விலங்கியல் கைடு கேட்டுது. வாசல்ல கெடந்த மூட்டையில தடவிப் பாத்து ஒண்ண உருவிக் குடுத்தாரு. ஊரு புக்கெல்லாம் ஒதறுனவரு அன்னிக்கி ஒதறல.

பத்து நாளு கழிச்சி பொண்டாட்டி ராணியம்மாளுக்கு நெனப்பு வந்துது. அப்பாவுக்கு ஒண்ணு வாங்கி விலங்கியல் கைடுல வெச்சிருக்கேன், சொல்லிடாத, நானே குடுக்குறேன்னு ஆஸ்பத்திரியில புள்ள சொல்லிச்சாம். கைடு எங்கன்னு மச்சானக் கேட்டுக்கினு, கண்ணாயிரம் கடைக்கி ஓடி மூட்டையக் கொட்டிப் பாத்தாரு. தாவரவியல் இருந்துது. விலங்கியல் இல்ல.

அப்பறம் ஆறு ஞாயித்துக்கெழம, அந்தக் கைடு வாங்குன பொம்பளையத் தேடி கரியாலூர்ல அலைஞ்சாரு. சாமை காய வெக்கிறவங்க, அருவியாண்ட சோளம் சுட்டு விக்கிறவங்கன்னு ஒருத்தர வுடல. பேரும் தெரியாது, மொகமும் நெனப்பில்ல. எங்கிட்ட கைடு வாங்குன பொம்பள யாருன்னு கேட்டா சிரிக்காம இன்னா பண்ணுவாங்க? கூட பஸ்ஸுல வந்தவன் எவனோ கீழ எறங்கி பத்த வெச்சிட்டான்.

ஆறாவது வாரம் ஜெயசுதான்னு ஒரு பொம்பள அகப்பட்டுது. அங்கன்வாடியில சமைக்கிது, முப்பது வயசுக்கு மேல தனியா பன்னெண்டாவது பரீட்ச எழுதப் போவுது. கைடுல இருந்த சீட்ட தூக்கிப் போடாம, படிக்கிற பக்கத்துக்கு அடையாளமா வெச்சிருந்துது. கண்ணாயிரம் வாங்கி, கைய நீட்டி தூர வெச்சிப் பாத்தாரு. தெரியல. திருப்பிக் குடுத்து படிக்கச் சொன்னாரு.

"இலவச கண் முகாம் டோக்கனுங்க. பேரு கண்ணாயிரம், வயசு அம்பத்தி ரெண்டு. கண்ணாடி கண்டிப்பா வேணும்னு பேனாவுல எழுதியிருக்குதுங்க." தேதி வந்ததும் ஜெயசுதா நிறுத்திடுச்சி.

"தேதிய சொல்லும்மா."

சொல்லுச்சி. புள்ள போன நாலாம் நாளு.

கைடையும் எடுத்துக்கினு போங்கன்னு அந்தம்மா நீட்டுச்சி. வாணாம், பரீட்ச எழுதுன்னுட்டு டோக்கன மட்டும் சட்டப் பையில வெச்சிக்கினு கெளம்பிட்டாரு. பஸ்ஸு வர்ற வரைக்கும் அத எடுக்குறதும் வெக்கிறதுமா இருந்தாருன்னு பாத்தவங்க சொல்றாங்க.

அடுத்த ஞாயித்துக்கெழம கடை தெறந்திருந்துது. டீக்கடை ராமசாமி வுடுவானா?

"இன்னா மாமா, மலைக்கி போவல? அந்தம்மா கோச்சிக்கிச்சா?"

கண்ணாயிரம் கையில இருந்த புக்க கீழ வெச்சாரு.

"பொம்பளயும் இல்ல, ஒரு மயிரும் இல்லடா. எம் பொண்ணு எனக்கு வெச்சிட்டுப் போனத நானே வித்துட்டேன். தேடிக்கினு போனேன். கெடச்சிது. தேதி தாண்டிடுச்சி."